48 மணி நேரத்துக்கு அப்புறம்

நீர்த்தெள்ளு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே இதயம் படபடவென்று அடிக்கும்; பாசி தின்றிருந்தால் குடல் பச்சைக் கோடாகத் தெரியும்; முதுகுப்பக்கத்துப் பையில் முட்டைகள் உருண்டையாகக் கிடக்கும். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்த டாஃப்னியா, பெயரில் தெள்ளு இருந்தாலும் இறால், நண்டுக்குத்தான் உறவு.

ஒரு பூச்சிமருந்து நன்னீர் உயிர்களை என்ன செய்யும் என்று சோதிக்க முதலில் கூப்பிடுவது இதைத்தான். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகளை மருந்து கலந்த நீரில் விடுவார்கள். 48 மணி நேரம் கழித்து எத்தனை நீந்தாமல் கிடக்கின்றன என்று எண்ணுவார்கள். சரி, எல்லாம் நீந்துகின்றன. அதனால் தப்பித்துவிட்டன என்று சொல்லிவிட முடியுமா?

டைஃப்ளுபென்சுரான் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். புது ஓட்டுக்கு வேண்டிய கைட்டின் உருவாவதை அது தடுக்கிறது. ஓடு கழற்றும் நாள் வரும்வரை பூச்சி நன்றாகவே இருக்கும். கோளாறு அன்றைக்குத்தான் தெரியும். பைரிப்ராக்சிஃபென் இன்னும் விசித்திரம். அது பூச்சிகளின் இளமை ஹார்மோன் போல நடிக்கும். நல்ல காலத்தில் டாஃப்னியா ஆண் துணையே இல்லாமல் பெண் குஞ்சுகளாகப் பெற்றுத் தள்ளும். இந்த மருந்து பட்ட தாய்க்கோ ஆண் குஞ்சுகள் பிறக்கின்றன. ஒன்றுகூடச் சாகாமலே அடுத்த தலைமுறை சுருங்கிவிடும். இதையெல்லாம் பிடிக்கத்தான் குஞ்சுகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் 21 நாள் சோதனையும் இருக்கிறது.

அதுவும் போதாத இடம் உண்டு. இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து, நரம்புகளில் செய்தி வாங்கும் நிக்கோட்டினிக் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். பூச்சிகளில் அவ்வளவு சீக்கிரம் விடாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் பட்டாலும் பாதிப்பு கூடிக்கொண்டே போகும். டாஃப்னியாவோ இதற்கு அசராத பிராணி. அதை முடக்க லிட்டருக்குப் பல மில்லிகிராம் வேண்டும். மேஃபிளை என்ற பூச்சியின் நீரில் வளரும் இளம்பருவத்துக்குச் சில மைக்ரோகிராமே போதும், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. சோதனைக்கு வந்த ஆளே தப்பான ஆள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானில் ஷின்ஜி ஏரியைச் சுற்றிய வயல்களில் இமிடாகுளோப்ரிட் வகை மருந்துகள் 1993 வாக்கில் புழக்கத்துக்கு வந்தன. அதையொட்டி ஏரியின் விலங்கு மிதவையுயிரிகள், அதாவது நீரில் மிதந்து திரியும் சின்னஞ்சிறு விலங்குகள், சரிந்தன. அவற்றைத் தின்று வாழும் ஸ்மெல்ட் மீன் ஆண்டுக்கு 240 டன் பிடிபட்ட நிலைமாறி 22 டன்னுக்கு இறங்கியது. 2019இல் இந்தக் கணக்கை வெளியிட்ட ஆய்வாளர்கள், மீனுக்கு இரை கிடைக்காமல் போனதையே காரணமாகக் காட்டினார்கள்.