காற்றில் திருடப்படும் சாவி

கார் ரிமோட்டை அழுத்தினால் ஒரு சின்ன ரேடியோச் செய்தி கிளம்பும். அமெரிக்காவில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433. காற்றில் போவதை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். எல்லா முறையும் ஒரே செய்தி என்றால், பதிவை மறுபடி ஒலிபரப்பினாலே கதவு திறந்துவிடும். ஏதோ பழங்காலத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2016 முதல் 2020 வரை வந்த சில ஹோண்டா சிவிக் கார்களில் இதே ஓட்டை இருந்தது 2022இல் வெளியே வந்தது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ரோலிங் கோடு. சாவியிலும் காரிலும் ஒரே ரகசிய எண்ணும் ஒரு கவுன்ட்டரும் இருக்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கவுன்ட்டர் ஒன்று ஏறும், செய்தியும் மாறும். பயன்படுத்திய செய்தியைக் கார் மறுபடி ஏற்காது. சட்டைப்பையில் பொத்தான் தவறி அழுந்தினால் சாவியின் எண் முந்திவிடும் அல்லவா? அதற்காகத் தன் கணக்கைவிடக் கொஞ்சம் முன்னே போய்விட்ட எண்களையும் கார் ஏற்றுக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டை உடைக்க ரகசிய எண் தேவையில்லை என்று 2015இல் டெஃப்கான் என்னும் ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி கம்கார் காட்டினார். அவருடைய கருவி காரின் ரிசீவர் காதில் இரைச்சலைப் போட்டுக்கொண்டே, சாவியின் செய்தியைப் பதிவு செய்யும். இரைச்சல் சற்றுத் தள்ளிய அலைவரிசையில் இருப்பதால், குறுகிய பட்டையில் கேட்கும் கருவிக்கு மட்டும் சாவி தெளிவாகக் கேட்கும். கதவு திறக்காததால் உரிமையாளர் மறுபடி அழுத்துவார். இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு, முதலாவதைக் கருவி அனுப்பும். கார் திறக்கும், அவரும் போய்விடுவார். பயன்படுத்தாத இரண்டாவது செய்தி திருடன் கையில்!

தப்பிக்க வழி, காரே கேள்வி கேட்பது. கார் புதிதாக ஒரு எண்ணை அனுப்ப, சாவி ரகசியத்தை வைத்து அதற்குப் பதில் தர வேண்டும். பழைய பதில் புதுக் கேள்விக்குப் பொருந்தாது.

அமெரிக்காவின் மைட்டர் அமைப்பு மாணவர்களுக்கு நடத்தும் இசிடிஎஃப் என்னும் கருவிப் பாதுகாப்புப் போட்டியில் 2023இல் கார் சாவிதான் பாடம். முதல் கட்டத்தில் ஒவ்வொரு அணியும் சாவிக்கும் காருக்கும் நிரல் எழுத வேண்டும். அடுத்த கட்டத்தில் மற்ற அணிகளின் படைப்பை உடைத்து, உள்ளே ஒளித்து வைத்த ‘கொடி’ என்னும் எழுத்துச்சரத்தை எடுக்க வேண்டும். பூட்டுபவனும் திருடனும் ஒருவனே என்பதால், எனக்குத் தெரிந்து பரீட்சைகளைவிட இது நல்ல பள்ளி.

போட்டியில் கொடுத்த சிப்பிலேயே ஒரு சிக்கல்: காரின் கேள்விக்கு வேண்டிய, கணிக்க முடியாத எண்ணை உண்டாக்கும் வன்பொருள் அதில் கிடையாது. வெப்பநிலை சென்சாரின் கடைசி இலக்கங்களில் ஆடும் இரைச்சலைத் திரட்டி எண் உண்டாக்கலாம். சோம்பல்பட்டு வெறும் மென்பொருள் எண்ணை நம்பினால், மின்சாரத்தை அணைத்துப் போடும்போதெல்லாம் ‘புதிய’ கேள்வி அதேதான். எதிரணி செய்ய வேண்டியது ஒன்றே: ஒருமுறை பதிலைப் பதிவு செய்து, போர்டை ரீசெட் செய்து, அதே பதிலைத் திருப்பி அனுப்புவது.