கார்பன் இருப்பு

பூங்கா, சாலையோர மரநடவு பற்றிய அறிக்கைகளைத் தமிழாக்கும்போது, மரங்களில் தங்கியுள்ள கார்பனின் அளவைக் குறிக்கும் 'கார்பன் ஸ்டாக்' என்ற ஆங்கிலத் தொடரை 'மரங்களின் கரியமில வாயு சேமிப்பு' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இது தவறு. எந்த மரத்துக்குள்ளும் வாயு அடைபட்டுக் கிடப்பதில்லை.

'கார்பன்', கரியைக் குறிக்கும் 'கார்போ' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. கரியமிலம் என்பது கரி + அமிலம். கார்பன் டை ஆக்சைடை ஐரோப்பியர் முன்பு 'கார்பானிக் அமில வாயு' என்றார்கள், அதன் தமிழாக்கமே கரியமில வாயு.

இலை அந்த வாயுவை உள்ளிழுக்கிறது. ஒளிச்சேர்க்கையில் கார்பன் சர்க்கரையாகி, பின்பு கட்டையை உருவாக்கும் பொருள்களான செல்லுலோஸாகவும் லிக்னினாகவும் அதில் தங்குகிறது. தங்குவது கார்பன்தான், வாயு அல்ல. பெயர் பிசகினால் கணக்கும் பிசகும். 12 கிலோ கார்பனைக் கொண்ட கரியமில வாயுவின் எடை 44 கிலோ. நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவையும் மரத்தின் உயரத்தையும் அளந்து, கட்டையின் அடர்த்தியைச் சேர்த்து, ஒரு மரத்தின் உலர் எடை 1,000 கிலோ என்று மதிப்பிட்டால், அதில் ஏறக்குறைய பாதி, அதாவது 500 கிலோ, கார்பன். அதையே வாயுவாக மாற்றிச் சொன்னால் 1,830 கிலோவைத் தாண்டும். அறிக்கையில் இருப்பது எந்த எண் என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

'சேமிப்பு' என்பதும் பொருந்தவில்லை. மின்சாரச் சேமிப்பு என்றால் செலவழிக்காமல் மிச்சம் பிடித்தது. மரத்தில் உள்ளது அப்படி மிச்சம் பிடித்ததல்ல. இன்றைய தேதியில் கையில் இருப்பது. கடைக்காரர் சரக்குக்குச் சொல்லும் 'இருப்பு' இதற்கு அப்படியே பொருந்தும். ஆகவே 'கார்பன் இருப்பு' என்பதே சரி. ஆண்டுதோறும் கூடுவதை 'வரவு' எனலாம். சாலையை அகலப்படுத்த ஒரு முதிர்ந்த புளியமரத்தை வெட்டிவிட்டு, ஈடாகப் பத்துக் கன்றுகள் நடுகிறார்கள். போனது பெரிய இருப்பு. வந்தது பல ஆண்டுகள் கழித்தே பெருகக்கூடிய சிறு வரவு. இரண்டையும் 'சேமிப்பு' என்று எழுதினால் அந்த இழப்பு தாளில் தெரியாமலே போய்விடும்.

'கரிம இருப்பு' என்று எழுத வேண்டும் என்பார்கள் தனித்தமிழ் ஆர்வலர்கள். அவர்களின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் இங்கே உடன்பட மாட்டேன். கரிம வேதியியல், கரிம உரம் என்று 'கரிம' ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. 'மண்ணின் கரிம இருப்பு' என்று படிக்கும் விவசாயி மட்கிய உரத்தைத்தான் நினைப்பார். பள்ளிப் பாடநூல் தனிமத்தைக் கார்பன் என்றே சொல்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சொல்லைத் தேர்வதற்கு முன் மூல அட்டவணையின் அலகைப் பாருங்கள். அது கார்பனின் எடையா, வாயுவின் எடையா என்பதைத் தமிழிலும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.