"தகாத வார்த்தைகளால் திட்டினார்கள்" என்று எழுதாதீர்கள்

மறுபடியும் அதே மாதிரி ஒரு புகார். தொப்பியைத் தட்டிவிட்டு, தாடியைப் பிடித்து இழுத்து, மதத்தைச் சொல்லி ஏசி அடித்திருக்கிறார்கள். மனுவில் இருப்பதோ, "தகாத வார்த்தைகளால் திட்டி கையால் அடித்தார்கள்" என்ற ஒரே வரி. எழுதிக் கொடுத்தவர் நாகரிகம் பார்த்திருக்கிறார். போலீஸ் நிலையத்துக்கு அது ரொம்ப வசதி. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 115(2) சாதாரணக் காயம், 352 அவமதிப்பு என்று முடித்துவிடலாம். இரண்டுமே மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் புலன்விசாரணை செய்ய முடியாத பிரிவுகள். கையில் சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது எஃப்.ஐ.ஆர். போடாமல் புகார் வந்ததற்கு மட்டும் தரும் ரசீதை, கொடுத்து அனுப்புவார்கள்.

சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். யார் சொன்னது, அடிக்கும் முன்பா அடித்துக்கொண்டேயா என்பதும் வேண்டும். எத்தனை பேர் என்பது அதைவிட முக்கியம். 5 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து, சமூகத்தையோ நம்பிக்கையையோ காரணமாக வைத்துக் கொடுங்காயம் (எலும்பு முறிவு போன்றது) விளைவித்தால் அதே சட்டத்தின் 117(4), 7 ஆண்டு வரை சிறை. ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் "ரெண்டு பேர் அடிச்சாங்க" என்று சொல்லி ஏ.ஆர். காப்பியில் (டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல்) அது ஏறிவிட்டால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான்.

வெறுப்புப் பேச்சில் தொல்லை வேறு. "அரசு அனுமதி வந்தால்தான் எஃப்.ஐ.ஆர்." என்கிறார்கள். வக்கீல்களிலும் சிலர் தலையாட்டுகிறார்கள், அதுதான் எரிச்சல். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 217 கேட்கும் அனுமதி, நியாய சன்ஹிதாவின் 196 (பகைமையைத் தூண்டுதல்), 299 (மத உணர்வைப் புண்படுத்துதல்) போன்ற பிரிவுகளில் நீதிமன்றம் வழக்கைக் கோப்புக்கு எடுப்பதற்கு. எஃப்.ஐ.ஆர். போட அனுமதி வேண்டாம். சாட்சியை விசாரிக்க அனுமதி வேண்டாம். வீடியோவைக் கைப்பற்ற அனுமதி வேண்டாம். கைது செய்யவும் அனுமதி வேண்டாம். குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகும்போது வாங்க வேண்டியதை வாசலிலேயே கேட்கிறார்கள். இத்தனைக்கும், புகாரே வராவிட்டாலும் தானாக வழக்குப் பதியுங்கள், பேசியவர் எந்த மதம் என்று பார்க்காதீர்கள் என்று 2023 ஏப்ரல் 28 அன்று எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம்.

வீடியோ எடுத்த போனை தயவுசெய்து விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் வீடியோ சுருங்கி, ஹாஷ் மதிப்பு (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) மாறிவிடும். சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63(4) கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழில் அந்த மதிப்பைக் காட்ட வேண்டும்.

நிலையத்தில் வாங்க மறுத்தால் வாசலில் நின்று சண்டை போட வேண்டாம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-ன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஸ்.பி.க்கு அனுப்பாமல் நேரே அங்கே போனால் மனு நிற்காது, தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.