குட்டி மரங்கொத்தியைக் குரல் போட்டுக் கூப்பிடாதீர்கள்

ஆனைமலைப் பக்கம் பறவை பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டுவது என் தொழில். போன வாரம் வந்த ஒருவர் காட்டுக்குள் கால் வைத்ததுமே ஸ்பீக்கரை எடுத்து, “குட்டி மரங்கொத்தி குரல் இருக்கு, போடட்டுமா?” என்றார். இதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். குட்டி மரங்கொத்தி என்றால் மரங்கொத்திக் குஞ்சு இல்லை, மரங்கொத்தியிலேயே ஒரு சின்ன வகை.

“வெறும் ரெக்கார்டிங்தானே, கல்லா எறியறோம்?” என்கிறார்கள். குரலைக் கேட்டதும் பறவை கிட்டத்தில் வந்து உட்காருவதால், அதற்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பிடித்து வரவில்லை. தன் எல்லைக்குள் வேறொரு மரங்கொத்தி புகுந்துவிட்டது என்று பதறி, விரட்ட வருகிறது. வந்து பார்த்தால் எதிரியைக் காணோம். குரல் மட்டும் நிற்காமல் கேட்கிறது. கிளை கிளையாகத் தாவித் தேடுகிறது, பதிலுக்குக் கத்துகிறது. அவ்வளவு நேரமும் அது இரை தேடவில்லை. பொந்தில் குஞ்சு இருந்தால் அதுவும் பட்டினி. “ஒரு நிமிஷம்தான் போட்டேன்” என்பார்கள். அடுத்து வரும் குழுவும் அதே மரத்தடியில் ஒரு நிமிஷம் போடும், அதற்கடுத்த குழுவும் போடும். பறவைக்கு அது முழுக் காலைப்பொழுது.

படத்தை மறைக்கிறது என்று பொந்துக்கு முன்னால் இருக்கும் சுள்ளியை ஒடிப்பவர்களும் உண்டு. அந்தச் சுள்ளிதான் பொந்துக்குத் திரை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவையின் கூட்டைத் தொந்தரவு செய்வதும் ‘வேட்டை’ என்ற விளக்கத்துக்குள்தான் வருகிறது. தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, குரல் போடாமல் எப்படிப் பார்ப்பது? இதன் நீளமே சுமார் 13 சென்டிமீட்டர்தான், சிட்டுக்குருவியைவிடச் சிறியது. பொன்முதுகு மரங்கொத்தியைத் தேடுவதுபோல அடிமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் கிடைக்காது. மேலே, விரல் தடிமனுள்ள கிளைகளைப் பாருங்கள். கிளையின் அடிப்புறத்தில் தொங்கியபடியும் கொத்தும். மின்சிட்டு, மாம்பழச்சிட்டு, பட்டாணிக்குருவி எல்லாம் கலந்து ஒரு கூட்டம் மரம்விட்டு மரம் நகர்ந்தால், அதை விடாதீர்கள். பெரும்பாலும் கூட்டத்தோடு இதுவும் இருக்கும். ‘கிகிகிகிர்’ என்று சன்னமாக அதிரும் குரலை வைத்துப் பிடித்துவிடலாம்.

பழுப்பு உச்சி, வெளிறிய விழி, முதுகில் வெள்ளைப் பட்டைகள். ஆணுக்குக் கண்ணுக்குப் பின்னால், உச்சியின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கீற்று ஒன்று உண்டு. பைனாகுலரில்கூட அது பல நேரம் தப்பிவிடும். நல்ல படத்தில்தான் தெரியும். அந்தப் படம் வேண்டுமென்றால் சரிவான இடத்தில், மேட்டில் நில்லுங்கள். மர உச்சி கண்மட்டத்துக்கு வரும். வானம் பின்னால் இருந்தால் கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், இல்லையென்றால் கறுப்பு நிழல்தான் மிஞ்சும். கொத்தும்போது தலை படு வேகம், ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் குறைய வேண்டாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அலகில் புழுவோடு வந்த பறவை, பொந்துக்குள் போகாமல் பக்கத்துக் கிளையிலேயே தயங்கி நிற்கிறதா? நீங்கள் நிற்பதுதான் காரணம். அது உள்ளே போகும்வரை பின்னால் நகருங்கள். படத்தைப் பதிவிடும்போது பொந்து இருக்கும் இடத்தை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.