இம்யூனிட்டி: இறையிலியா, எதிர்ப்பு சக்தியா?

2020-இல் மதுரையில் முகக்கவச வடிவில் பரோட்டா போட்டார்கள். நாடு முழுக்கப் பேசிச் சிரித்தது. அதே மாதங்களில் தெருமுனைகளில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் ஊற்றினார்கள். எங்கள் தெரு டீக்கடையில் சுக்குமல்லி காப்பிக்கு 'இம்யூனிட்டி காப்பி' என்று பெயர் மாறி, விலையும் ஏறியது. அப்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னிடம் கேட்டார்: "இம்யூனிட்டி இம்யூனிட்டிங்கிறாய்ங்களே, அது என்னப்பா?" நான் யோசிக்காமல் "எதிர்ப்பு சக்தி பெரியம்மா" என்றேன். "அப்ப சத்து மாத்திரைன்னு சொல்லு" என்று முடித்துவிட்டார்.

தப்பு அவர் மேல் இல்லை. 'சக்தி' என்று சொன்னால் குறையும், ஏறும், கடையில் கிடைக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இம்யூனிட்டி என்ற சொல்லுக்குள் சக்தியும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. அது வரி அலுவலகத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்த சொல்.

இலத்தீனில் 'மூனுஸ்' என்றால் ஒருவன் ஊருக்குச் செலுத்த வேண்டிய கடமை. வரியும் அதில் அடக்கம், ஊழியமும் அடக்கம். முன்னால் இன்மை காட்டும் ஒட்டு சேர்ந்தால் 'இம்மூனிஸ்', கடமையிலிருந்து விலக்குப் பெற்றவன். ரோமப் படையில் கொல்லர், தச்சர் போன்ற கைவினை தெரிந்த வீரர்களுக்குப் பள்ளம் வெட்டும் அன்றாட வேலை கிடையாது. அவர்களை 'இம்மூனெஸ்' என்றே அழைத்தார்கள். இதே மூனுஸ்தான் முனிசிபாலிட்டியிலும் உட்கார்ந்திருக்கிறது. மதுரை 1866-இல் நகராட்சியாகி 1971-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் "முனிசிபாலிட்டிக்குத் தீர்வை கட்டணும்" என்றுதான் சொல்வார்கள். வரி கேட்கிற முனிசிபாலிட்டியும், என்னிடம் கேட்காதே என்கிற இம்யூனிட்டியும் ஒரே வேரில் முளைத்தவை.

சரி, இந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் இல்லையா? கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்: இறையிலி. இறை என்றால் வரி, அது இல்லாத நிலம் இறையிலி. கோயிலுக்கு விட்ட தேவதானத்தையும் சமணப் பள்ளிக்கு விட்ட பள்ளிச்சந்தத்தையும் பற்றிப் பேசும் பாண்டியர், சோழர் கல்வெட்டுகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். 'இம்மூனிஸ்' என்பதை ஒரு பாண்டிய நாட்டு ஓலை நாயகத்திடம், அதாவது அரசன் ஆணையை எழுதும் அதிகாரியிடம், கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு 'இறையிலி' என்று எழுதியிருப்பார். நம் காலத்தில் கப்பலூர் சுங்கச்சாவடியில் உள்ளூர் வண்டிக்கு விலக்கு வேண்டும் என்று திருமங்கலத்துக்காரர்கள் போராடினார்களே, அவர்கள் கேட்டதும் பழைய பொருளில் இம்யூனிட்டிதான்.

வரிவிலக்கு எப்படி நோய்விலக்கு ஆனது? சொல்லுக்கு முன்பே விஷயம் தெரிந்திருந்தது. கிமு 430-இல் ஏதென்ஸ் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, பிழைத்தவர்களே பயமில்லாமல் மற்ற நோயாளிகளைக் கவனித்தார்கள் என்றும், நோய் அதே ஆளை இரண்டாம் முறை தாக்கிக் கொல்லவில்லை என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்தார். நம் ஊரிலும் இது தெரியும். சின்னம்மை கண்ட வீட்டில், ஏற்கெனவே அம்மை போட்டவர்தான் பிள்ளைக்குப் பக்கத்தில் வேப்பிலையோடு உட்காருவார். "எனக்கு ஆத்தா ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டா" என்பது அவருடைய விலக்குச் சீட்டு. ஒரு தடவை கட்டியாயிற்று, மறுபடி கேட்க மாட்டாள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய மருத்துவர்கள் இந்தக் கணக்கைத்தான் இம்யூனிட்டி என்று எழுதத் தொடங்கினார்கள்.

அப்புறம்தான் பொருள் திரும்பியது. 1882-இல் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிக்கோவ் நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் முள்ளைக் குத்திப் பார்த்தார். ஊர்ந்து திரியும் செல்கள் வந்து முள்ளைச் சுற்றி வளைத்துக்கொண்டன. அதுவரை விலக்கு என்பது சும்மா கிடைத்த சலுகை. இதற்குப் பிறகு, உள்ளே யாரோ காவல் காக்கிறார்கள் என்று ஆயிற்று. 1908-இல் அவருக்கும் பால் எர்லிச்சுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். தமிழில் நாம் 'எதிர்ப்பு' என்று பிடித்துக்கொண்டது இந்த இரண்டாம் பொருளை.

எதிர்ப்பு என்பது பாதிக் கதைதான். வைரஸ், புற்றுநோய் இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு மீதிப் பாதியும் தெரியும். பெய்டன் ரவுஸ் என்ற அமெரிக்கரிடம், மார்பில் கட்டியோடு பிளைமவுத் ராக் என்ற இனத்துக் கோழி ஒன்று வந்து சேர்ந்தது. கட்டியை வெட்டி வேறு கோழிகளுக்குள் வைத்தார். அதன் நெருங்கிய சொந்தக் கோழிகளில் மட்டும் வளர்ந்தது, மற்றவை ஏற்கவில்லை. பிறகு கட்டியை அரைத்து, ஒரு செல்கூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து அந்தச் சாற்றை ஊசியாகப் போட்டார். அதிலும் கட்டி வந்தது. 1911-இல் இதை எழுதினார். செல்லைவிடச் சிறிய ஏதோ ஒன்று புற்றைக் கொண்டுவருகிறது என்பதைப் பலர் நம்பவில்லை. 55 ஆண்டு கழித்து, 1966-இல் அவருக்கு 87 வயதாகும்போது நோபல் பரிசு கிடைத்தது. சாற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முதல் பாதி, அதாவது கட்டியை ஏற்காத அந்த அந்நியக் கோழிகள்தான் முக்கியமாகப் படுகிறது. அவற்றுக்குச் சக்தி அதிகமில்லை. வந்தது வேற்றாள் என்று அடையாளம் தெரிந்தது, அவ்வளவுதான்.

புற்றுச் செல்லோ நம் வீட்டுப் பிள்ளை. அடையாளம் தெரிவது கடினம். தெரிந்தாலும் அது காவல்காரனின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிரேக்குகளைக் கண்டு, அவற்றை விடுவித்து மருத்துவம் செய்ய வழி காட்டியதற்குத்தான் 2018-இல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தாசுகு ஹோஞ்சோவுக்கும் நோபல். பிரேக் கூடுதலாக விட்டுப்போனால் காவல்காரன் சொந்தக் குடலையும் தைராய்டையும் தாக்குவான். அந்த மருந்துகளின் பக்கவிளைவே அதுதான். 'சக்தி ஏற்று' என்பது எப்போதும் நல்ல யோசனை இல்லை.

உள்ளூர் உதாரணம் அக்கி. சின்னம்மை ஆறினாலும் அதன் வைரஸ் போகாது, நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும். வயதாகிக் காவல் தளரும்போது விலாவைச் சுற்றிக் கொப்புளமாக எழும்பும். உடனே மண்பானை செய்யும் வேளார் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வார்கள். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று நாளுக்குள் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். வைரஸை அடக்கும் மருந்தை அதற்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஆத்தா கொடுத்தது விலக்குச் சீட்டு இல்லை, நித்தியக் காவல் என்பதற்கு அக்கியைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொன்று, மதுரைக்குப் பொருத்தமானது. கண் மருத்துவத்துக்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து இறங்கும் ஊர் இது. சிறுநீரகம் பொருத்த ஆயிரம் பொருத்தம் பார்க்கிறார்கள். தானமாக வந்த கருவிழியைப் பெரும்பாலும் அப்படிப் பார்க்காமலே வைக்கிறார்களே, எப்படி? கருவிழியில் ரத்தக் குழாய் இல்லை, காவல் செல்கள் அங்கே அதிகம் நடமாடுவதில்லை. கண்ணின் இந்தச் சலுகையை 'இம்யூன் பிரிவிலேஜ்' என்பார்கள். உடம்புக்குள் இருக்கும் இறையிலி நிலம் என்று நான் சொல்வேன்.

இனி சரியான தமிழுக்கு வருவோம். பத்திரிகைகளின் 'நோய் எதிர்ப்பு சக்தி'யில் எனக்கு இரண்டு குறை. சக்தியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எதிர்ப்பு என்ற சொல்லோ ஏற்கெனவே கிருமிக்கு வாக்கப்பட்டது: ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியாவின் குணமும் 'மருந்து எதிர்ப்பு'தான். அதனால்தான் "அந்த மருந்துக்கு என் உடம்புல எதிர்ப்பு சக்தி வந்துருச்சு" என்று தலைகீழாகச் சொல்கிறோம். எதிர்ப்பு வந்தது கிருமிக்கு, நமக்கில்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'நிர்ப்பீடனம்' என்று இருக்கும். முதலில் கேட்டபோது சிரித்தேன். பிரித்துப் பார்த்தால் பீடை இல்லாமை, "பீடை ஒழிஞ்சது" என்கிறோமே, அந்தப் பீடை. இன்மை ஒட்டும் சுமையும் சேர்ந்த அமைப்பு, இம்மூனிஸ் போலவே அச்சாக. வேருக்கு இவ்வளவு நெருக்கமாக வேறு சொல் இல்லை. ஆனால் வடசொல், வாயில் நுழையாது, மதுரையில் யாரும் சொல்லப் போவதில்லை.

நம் பள்ளிப் பாடநூல் 'நோய்த்தடைக்காப்பு' என்கிறது. என் ஓட்டு இதற்கே. காரணம் 'காப்பு'. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற ஊரில் இந்தச் சொல்லுக்கு உரை வேண்டாம்: மணிக்கட்டில் மஞ்சள், ஊருக்கு எல்லை, உள்ளே யார், வெளியே யார் என்ற கணக்கு. தடுப்பூசியோடும் ஒட்டிப் போகும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் கல்லீரல் அழற்சி பி ஊசி பின்னாளில் கல்லீரல் புற்றுநோயையும் தடுக்கிறது. அதை 'சக்தி கொடுத்தோம்' என்று சொன்னால் ஒட்டாது, 'காப்புக் கட்டினோம்' என்றால் ஒட்டும். அந்தத் துறை தடைக்காப்பியல், அமைப்பு தடைக்காப்பு மண்டலம். சொந்தக் காவலே தாக்கும் நோய்க்கு மட்டும் 'தன்னுடல் தாக்குநோய்' என்ற அருமையான சொல் இருக்கிறது, அதை மாற்றக்கூடாது.

சட்டத்தில் வரும் இம்யூனிட்டிக்கு இது எதுவும் பொருந்தாது. அரசமைப்புச் சட்டத்தின் 361-ஆம் பிரிவு, பதவியில் இருக்கும் ஆளுநர் மீது குற்ற வழக்கு நடத்தக்கூடாது என்கிறது. அதை 'ஆளுநரின் நோய் எதிர்ப்பு சக்தி' என்று கணினி மொழிபெயர்த்ததை என் கண்ணால் பார்த்தேன். அங்கே எழுத வேண்டியது 'விலக்குரிமை'. பெரியம்மாவிடம் போன மாதம் 'காப்பு' என்று சொல்லிப் பார்த்தேன். "இதை அப்பவே சொல்லியிருந்தா அந்த டீக்கடைக்காரனுக்கு அம்பது ரூபா அதிகமாக் கொடுத்திருக்க மாட்டேன்" என்றார்.