டி மைனர் டொக்காட்டா: போனில் விழாத அடி ஸ்வரம்

கீபோர்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் வருஷம் தவறாமல் கேட்டுவிடுவார்: "சார், அந்தப் பேய்ப் பட மியூசிக் கத்துக்கொடுங்க." போனில் போட்டும் காட்டுவார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பெயரில் வழங்கும், குழாய் ஆர்கனுக்கான டி மைனர் டொக்காட்டாவும் ஃப்யூகும் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வாசிக்கும் வடிவம்), பாக் படைப்புப் பட்டியலில் எண் 565. பத்து விநாடி ஓடியதும் நிறுத்திவிட்டு, "இவ்வளவுதான் சார் வேணும்" என்பார்கள்.

அந்தப் பத்து விநாடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மேலே பஞ்சமத்தில் ஒரு சின்ன உதறல், ஒரு நிறுத்தம். அங்கிருந்து சரசரவென்று நிஷாதம் வரை இறங்கி ஸ-வில் வந்து நிற்கும். நம் காதுக்கு இவை கீரவாணி ஸ்வரங்கள்தான். அதையே கொஞ்சம் மாற்றி ஒரு ஸ்தாயி கீழே, பிறகு இன்னும் ஒரு ஸ்தாயி கீழே. அப்புறம்தான் கால் பெடலில் ஆதார ஸ ஒலிக்கத் தொடங்கும். அதன்மேல் நி, ரி, ம, த என்று ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து நெருக்கும், காது தவிக்கும். கடைசியில் அந்தர காந்தாரத்தோடு டி மேஜரில் வந்து அமரும்போது மூச்சு திரும்பும்.

அந்த ஆதார ஸ, 16 அடி குழாய் வரிசையில் (வழக்கமான ஒலியைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் நீளக் குழாய்கள்) ஏறக்குறைய 37 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. நெருக்குகிற ஸ்வரங்கள் மட்டும் காதில் விழும், அவற்றைத் தாங்கும் தரை விழாது. பிள்ளைகளுக்கு அது அலறலாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

டொக்காட்டா என்றால் இத்தாலிய மொழியில் தொடுவது. கட்டைகளைத் தொட்டு, வாத்தியத்தின் குணத்தை ஆழம் பார்க்கிற வாசிப்பு. பாக் புது ஆர்கன்களைச் சோதிக்கப் போகும்போது முதலில் எல்லாக் குழாய் வரிசைகளையும் திறந்துவிட்டு முழு ஒலியில் வாசிப்பாராம். இதற்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா என்பாராம். எழுதிவைத்தவர் அவருடைய மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேல். அக்காலத்தில் குழாய்களுக்குக் காற்று ஊதும் துருத்தியை ஆள்தான் இயக்க வேண்டும். இந்த இசையின் முதல் கார்டை (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) வாசிக்கும்போதெல்லாம் அந்தத் துருத்திக்காரர்கள் என் நினைவுக்கு வருவார்கள்.

பாக் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. யோஹான்னஸ் ரிங்க் (1717–1778) என்பவர் உட்கார்ந்து நகல் எடுத்ததால்தான் இந்த இசை நமக்கு மிஞ்சியது. அந்த நகல் இன்று பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. அச்சில் வந்தது 1833-ல், பாக் இறந்து 83 வருஷம் கழித்து. 1981-ல் பீட்டர் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர், இது பாக் எழுதியதுதானா என்றே கேட்டார். தொடக்கத்தில் இரு கைகளும் ஒரே வரியை ஸ்தாயி இடைவெளியில் வாசிப்பது பாக் வழக்கம் இல்லை, வயலினுக்கு எழுதியதை மாற்றியது போல இருக்கிறது என்பது அவர் வாதம். கிறிஸ்டோஃப் வோல்ஃப் என்ற இன்னொரு ஆய்வாளர் வேறு விளக்கம் சொன்னார்: பாக் 18 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஆர்ன்ஸ்டாட் ஊர் தேவாலய ஆர்கனில் கைக்கட்டைகளுக்கு 16 அடி வரிசை இல்லை, அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஸ்தாயி இரட்டிப்பு. எனக்கு வோல்ஃப் பக்கம்தான் சாய்வு. கீழ் ஒலிக்கு ஏங்குகிற கை எழுதியதாகவே எனக்குப் படுகிறது.

பேய் முத்திரை பிறகு சினிமா குத்தியது. 1931-ல் வந்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படம் இந்த இசையோடுதான் தொடங்குகிறது.

பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: பிள்ளைக்கு ஒரே ஒரு முறை நல்ல ஹெட்போனிலோ பெரிய ஸ்பீக்கரிலோ முழுவதையும் கேட்கக் கொடுங்கள். ஒன்பது நிமிஷம்தான் ஆகும்.

போன வருஷம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வகுப்பு ஸ்பீக்கரில் அப்படிப் போட்டேன். பெடல் வந்ததும், "சார், மேஜை அதிருது" என்று உள்ளங்கையை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டாள். ஃப்யூகில் மற்ற குரல்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, கால் மட்டும் தனியாக ஃப்யூகின் மெட்டை வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. அது வந்து போகும்வரை அவள் கையை எடுக்கவே இல்லை.