நூற்றுக்கு ஐந்தா?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், போன மாதம் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். அவர் மகள் நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு வெளியூரில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அவளுடைய பக்கம் திறந்திருந்தது. மேற்கோள்கள் 86, எச்-இன்டெக்ஸ் 5.

“ஏங்க, நூத்துக்கு அஞ்சா?” என்றார். குரலில் நிஜமான கவலை.

நூற்றுக்கு அல்ல. ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, தனக்கு முன்னால் யார் யார் என்ன கண்டுபிடித்தார்கள் என்று பழைய கட்டுரைகளைக் குறிப்பிட வேண்டும். அப்படி இன்னொருவர் நம் கட்டுரையைக் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். இவற்றை முறையாகத் தொகுக்கலாம் என்று 1955இல் யோசனை சொன்னவர் யூஜின் கார்ஃபீல்ட். 1964இல் அவரது நிறுவனம் முதல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. அன்றைக்கு அது தடிமனான புத்தகங்கள். இன்று கணினி தானாக எண்ணிவிடுகிறது.

அந்த மகளுக்கு ஏழு கட்டுரைகள். மாம்பழத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவதுபோல மேற்கோள்களை அடுக்கினோம்: 40, 22, 9, 6, 5, 3, 1. இனி முதலிலிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். நான்காவது கட்டுரைக்கு 6 மேற்கோள், நான்கைவிட அதிகம், சரி. ஐந்தாவதற்கு 5, அதுவும் சரி. ஆறாவதற்கு 3தான், ஆறுக்குப் போதாது. அங்கே நிற்கிறோம். ஆக எச்-இன்டெக்ஸ் 5. குறைந்தது ஐந்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட ஐந்து கட்டுரைகள் அவளிடம் இருக்கின்றன என்று பொருள். இந்தக் கணக்கை 2005இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ், அவர் ஓர் இயற்பியலாளர். முதல் கட்டுரையின் 40 நாளைக்கே 4,000 ஆனாலும் எச்-இன்டெக்ஸ் 5ஆகவே இருக்கும். ஒரே ஒரு பெரிய வெற்றியால் இதை உயர்த்த முடியாது. அதுதான் இதன் பலம், பலவீனமும் அதுவே.

எண் எதைக் காட்டுகிறது என்பதிலும் கவனம் வேண்டும். உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை 1951இல் ஆலிவர் லோரி குழுவினர் எழுதியது. கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை அது சொல்கிறது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள்! ஆய்வகங்களுக்கு அன்றாடம் தேவைப்பட்ட முறை என்பதால் வந்த எண்ணிக்கை அது. இன்னொரு பக்கம், அதே 2005இல் கட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் ஒரு நோயெதிர்ப்பியல் கட்டுரை வெளியிட்டார்கள். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குக் குறிப்பு கொண்டுபோகும் ஆர்.என்.ஏ.வை வெளியிலிருந்து செலுத்தும்போது, அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றான யூரிடினுக்குப் பதிலாகச் சற்று மாற்றிய வடிவத்தை வைத்தால், உடலின் எதிர்ப்பு அமைப்பு பதறி எழாது என்று காட்டினார்கள். அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை. பைசர், மாடர்னா கொரோனா தடுப்பூசிகள் அந்த அடித்தளத்தில்தான் வந்தன. (நம் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் வேறு வகை.) 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நட்ட வருஷமே காபி காய்க்குமா என்று நண்பரிடம் கேட்டேன். மூணு நாலு வருஷம் ஆகுமே என்றார். சில கட்டுரைகளுக்கு அதைவிடப் பொறுமை வேண்டும்.

துறைக்குத் துறையும் மாறும். நோயெதிர்ப்பியலில் ஆட்கள் அதிகம், ஒவ்வொரு கட்டுரையும் ஏராளமான பழைய கட்டுரைகளைக் குறிப்பிடும். கணிதத்தில் அப்படியில்லை. இரு துறைக்காரர்களின் எச்-இன்டெக்ஸை அருகருகே வைப்பது தவறு.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ராமசாமியின் மகள் கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இதழில் அவள் ஆர். கவிதா. இன்னொன்றின் படிவம் கடைசிப் பெயர் கேட்டே தீரும், அங்கே கவிதா ராமசாமி. மற்றவர்கள் மேற்கோள் காட்டும்போது அது கே. ராமசாமி ஆகிவிடும், அதாவது அப்பா பெயர்! கணினி இவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணும், மேற்கோள்களும் சிதறிப்போகும். எதிர்ப்பக்கம், ஊரில் உள்ள இன்னும் பத்து ஆர். கவிதாக்களின் கட்டுரைகள் இவள் கணக்கில் வந்து சேரும். இதற்காகவே 2012இல் ஆய்வாளர்களுக்கென்று ஆர்கிட் (ORCID) என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. இலவசம்தான். முதல் கட்டுரை அனுப்பும் முன்பே அதை வாங்கிவிட்டு, ஒரே பெயர் வடிவத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தோம். உயிரியல் துறைகளில் பெரும்பாலும் முதல் பெயர், சோதனையைக் கையால் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. 40 மேற்கோள் வாங்கிய கட்டுரையில் பதினொரு பேர், அவள் ஏழாவது. 6 வாங்கியதில் அவள்தான் முதல்.

அதை மேற்கோள் காட்டிய ஆறு கட்டுரைகளில் ஒன்றைத் திறந்து, எந்த வரியில் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று தேடினோம். முன்னுரையில் பத்துப் பேரோடு சேர்த்துச் சொன்ன பெயராக இல்லை. செய்முறைப் பகுதியில் இருந்தது: செல்களைப் பிரித்தெடுக்க அவள் முறையையே பின்பற்றியிருந்தார்கள். நண்பர் அந்த வரியை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். பிறகு மகளுக்குப் போன் போட்டார்.